ஒரே வேர், இரண்டு வீட்டுத் தூசி: ஆமிஷ், ஹட்டரைட் குழந்தைகளும் ஆஸ்துமாவும்

பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “இது யார் வழியில் வந்தது?” என்பதுதான். அப்பா வழிப் பாட்டிக்கு இருந்ததா, தாய்மாமனுக்கு இருந்ததா என்று வம்சத்தையே புரட்டிப் பார்ப்போம். அடுத்த கேள்வி வீட்டைப் பற்றியது. ஒட்டடையா, கொசுவத்திப் புகையா, தலையணைப் பஞ்சா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் ஒரு குடும்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுக்கு விடை காண முடியாது. பெற்றோர் பிள்ளைக்கு மரபணுவையும் கொடுக்கிறார்கள், வளரும் வீட்டையும் கொடுக்கிறார்கள். எது எதன் வேலை என்று பிரிக்க வேண்டுமானால் ஒரே மாதிரி மரபணு, ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி பழக்கவழக்கம் கொண்ட இரண்டு கூட்டங்கள் வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள சூழல் மட்டும் மாறியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இப்படி மனிதர்களை அமைக்க வழியில்லை. அமெரிக்காவில் வரலாறே அப்படி அமைத்து வைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்ட ஆய்வு 2016 ஆகஸ்ட்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது.

இரண்டு கூட்டங்கள்

ஆமிஷ்களும் ஹட்டரைட்டுகளும் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றிய அனபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கிளைகள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பிப் பெற வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹட்டரைட்டுகளுக்குப் பெயர் தந்த ஜேக்கப் ஹட்டர் 1536-இல் இன்ஸ்ப்ரூக் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழிவந்தவர்கள் தென் டிரோல் மலைப்பகுதியிலிருந்து கிளம்பி, நாடு நாடாக அலைந்து, ரஷ்யப் பேரரசில் சில தலைமுறை வாழ்ந்து, 1870-களில் அமெரிக்காவின் டகோட்டா சமவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆமிஷ்களின் பூர்வீகம் சுவிட்சர்லாந்துப் பக்கம். 1693-இல் ஜேக்கப் அம்மான் என்பவர் தலைமையில் தனியே பிரிந்தவர்கள், 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

ஆக, இரு தரப்புக்கும் பூர்வீகம் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பகுதி. வெளியே பெண் கொடுப்பதும் எடுப்பதும் அரிது என்பதால் அந்த வேர் பெரிதாகக் கலக்கவும் இல்லை. வாழ்க்கை முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீடு நிறையப் பிள்ளைகள், நீண்ட நாள் தாய்ப்பால், கொழுப்பும் உப்பும் தாராளமாக உள்ள சாப்பாடு, காய்ச்சாத பால். சிகரெட் புகை இல்லை, நகரத்துப் புகையும் இல்லை. குண்டுக் குழந்தைகள் குறைவு. தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் நாய், பூனை வளர்ப்பதை இருவருமே விரும்புவதில்லை. ஆஸ்துமாவுக்குக் காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பட்டியலை எடுத்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வரும்.

வேறுபடுவது விவசாயம். இந்த ஆய்வில் வந்த ஆமிஷ் குடும்பங்களுக்குச் சொந்தமாகச் சின்ன பால் பண்ணை. உழவுக்கும் குதிரை, ஊருக்குப் போகவும் குதிரை. மாட்டுத்தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும். தவழ்ந்து முடித்த குழந்தை வெறுங்காலோடு நடந்து போய்விடும் தூரம்தான். ஹட்டரைட்டுகள் சொத்தைப் பொதுவில் வைத்துக் குடியிருப்புகளாக வாழ்பவர்கள். அவர்கள் பண்ணை மிகப் பெரியது, முழுக்க இயந்திரமயமானது. கால்நடைக் கொட்டகைகள் வீடுகளுக்கு எட்டத்தில் இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் அங்கே தினமும் போய் விளையாடுவதில்லை.

கணக்கு

முன்பே நடந்த கணக்கெடுப்புகளில் ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் 5.2 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா இருந்தது. ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம். ஒவ்வாமை தரும் பொருள்களை உடல் எதிர்க்கத் தொடங்கிவிட்டதைக் காட்டும் சோதனையிலும் அதே கதை: 7.2 சதவீதம், 33.3 சதவீதம்.

நான்கு மடங்கு வேறுபாடு சின்ன விஷயமல்ல. இது பலருடைய கவனத்துக்குத் தனித்தனியே வந்திருந்தது. இண்டியானாபொலிஸில் ஒவ்வாமை மருத்துவராக இருந்த மார்க் ஹோல்ப்ரைக், ஆமிஷ்களிடம் ஒவ்வாமை அரிதாக இருப்பதைக் கவனித்து, ஜெர்மனியின் எரிக்கா ஃபான் மூட்டியஸ் போன்றோருடன் சேர்ந்து 2012-இல் அதைக் கணக்கோடு வெளியிட்டார். ஃபான் மூட்டியஸ் ஏற்கெனவே ஒருமுறை இதுபோல ஆச்சரியப்பட்டவர். பெர்லின் சுவர் விழுந்தபின், ஒரே இன மக்கள் நாற்பது ஆண்டு பிரிந்து வாழ்ந்த கிழக்கு, மேற்கு ஜெர்மனிக் குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கில்தான் ஒவ்வாமை அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக, மேற்கில் அதிகம் இருந்தது.

ஹட்டரைட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரல் ஓபர். ஃபான் மூட்டியஸும், அரிசோனாவில் நோயெதிர்ப்பு ஆராய்ச்சி செய்யும் டொனாட்டா வெர்செல்லியும், வேறு சிலரும் அவரோடு சேர்ந்தார்கள். இண்டியானாவிலிருந்து 30 ஆமிஷ் குழந்தைகள், தெற்கு டகோட்டாவிலிருந்து 30 ஹட்டரைட் குழந்தைகள். எல்லோரும் 7 முதல் 14 வயதுக்குள். வயதும் பாலினமும் இணை இணையாகப் பொருந்துமாறு தேர்வு. இரத்தம் எடுத்தார்கள், வீட்டுத் தூசியும் எடுத்தார்கள். பருவம் மாறினால் இரத்தமும் மாறும் என்பதால் இரு இடங்களிலும் 2012-இன் நவம்பர், டிசம்பரில் அடுத்தடுத்து முடித்தார்கள்.

இந்த 60 பேரில் ஹட்டரைட் குழந்தைகள் 6 பேருக்கு ஆஸ்துமா. ஆமிஷ் பக்கம் ஒருவருக்கும் இல்லை. மரபணுவை ஒப்பிட்டபோது, மற்ற ஐரோப்பிய மக்களோடு வைத்துப் பார்த்தால் இந்த இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கியே நின்றன.

தூசிக்குள் என்ன இருந்தது

ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்ஸின் அளவு ஹட்டரைட் வீடுகளைவிட 6.8 மடங்கு. எண்டோடாக்ஸின் என்பது ஒரு வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் பொருள். சாணம் உள்ள இடத்தில் நிறைய இருக்கும். தூசியில் இருந்த நுண்ணுயிர்களின் வகைகளும் இரு பக்கமும் வேறுபட்டன.

இரத்தத்தில் இன்னும் சுவாரசியம். நம் ஊரில் அடிக்கடி தும்முகிறவர் யாராவது “எனக்கு ஈஸ்னோபீலியா” என்று சொல்லக் கேட்டிருப்போம். ஈசினோஃபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. ஒவ்வாமையில் அது கூடும். ஆமிஷ் குழந்தைகளின் இரத்தத்தில் அது குறைவாக இருந்தது, நியூட்ரோஃபில் என்ற வேறு வகை அதிகமாக இருந்தது. வேறு சில வெள்ளணுக்களின் மேற்பரப்பிலோ, அடக்கி வாசிக்கச் சொல்லும் மூலக்கூறுகள் கூடியிருந்தன. இவை எல்லாம் பிறவியிலேயே உடலில் உள்ள முதல்நிலைக் காவல்படையைச் சேர்ந்தவை. ஆண்டுக்கணக்கில் தினமும் சாணத் தூசியைப் பார்த்துப் பழகி, அந்தப் படை சும்மா சும்மா பதறுவதை விட்டுவிட்டதுபோல் இருந்தது.

சரி, இது வெறும் தற்செயல் ஒற்றுமையாக இருந்தால்? தூசியும் அதிகம், ஆஸ்துமாவும் குறைவு என்பதால் மட்டும் தூசிதான் காக்கிறது என்று ஆகிவிடாதே. இந்த ஆய்வு என்னைக் கவர்ந்தது இந்த இடத்தில்தான். தூசியின் சாற்றைச் சுண்டெலிகளின் மூக்கில் சில வாரங்களுக்கு விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வாமை ஆஸ்துமா உண்டாக்கப்பட்ட சுண்டெலிகள் அவை, மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல். ஆமிஷ் தூசி பெற்றவற்றில் மூச்சுக்குழல் இறுகுவதும் ஈசினோஃபில் குவிவதும் தெளிவாகக் குறைந்தன. ஹட்டரைட் தூசி பெற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அடுத்து, முதல்நிலைக் காவலுக்கு இன்றியமையாத மைடி88, ட்ரிஃப் என்ற இரண்டு மூலக்கூறுகள் இல்லாத சுண்டெலிகளை எடுத்தார்கள். அவற்றிடம் ஆமிஷ் தூசியும் பலிக்கவில்லை.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நல்ல தூசி கிடைத்தும், அதை வாங்கிக்கொள்ளும் மரபணு இல்லாதபோது பலன் இல்லாமல் போய்விட்டது.

அப்படியானால் பரம்பரை?

இந்த ஆய்வைச் செய்தியாக்கிய பலரும் “மரபணு தோற்றது, சூழல் வென்றது” என்ற தொனியில் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐந்தில் ஒரு ஹட்டரைட் குழந்தைக்கு ஆஸ்துமா என்றால், அதே குடியிருப்பில், அதே காற்றில், அதே பொதுச் சமையலறையில் சாப்பிட்டு வளரும் மற்ற நான்கு பேருக்கு ஏன் இல்லை? அங்கேதான் மரபணு பேசுகிறது.

ஓபர் ஹட்டரைட்டுகளிடம் போனதற்குக் காரணமே அதுதான். எல்லோரும் ஒரே மாதிரி உண்டு, ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி வீட்டில் வாழும் கூட்டத்தில் சூழலின் இரைச்சல் குறைவு; மரபணுவின் குரல் தெளிவாகக் கேட்கும். கேட்டது. 2008-இல் அவர் குழு ஹட்டரைட்டுகளிடம் சி.ஹெச்.ஐ.3.எல்.1 என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டைக் கண்டது. அது இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைக் கூட்டியது, ஆஸ்துமா வாய்ப்பையும் கூட்டியது, நுரையீரலின் திறனைக் குறைத்தது.

ஆனால் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்தச் சூழலே ஆஸ்துமாவை மொத்தமாக உயர்த்திப் பிடித்திருந்தது என்பது ஹட்டரைட்டுகளை மட்டும் எத்தனை ஆண்டு பார்த்தாலும் தெரிந்திருக்காது. ஊரே மேட்டில் இருந்தால் யாரும் மேட்டைக் கவனிப்பதில்லை. ஆமிஷ்களைப் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் மேடு கண்ணுக்குத் தெரிந்தது.

இரட்டையர் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதே கவனம் தேவை. சுவீடனில் 9 அல்லது 12 வயது இரட்டையர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றில், குழந்தை ஆஸ்துமாவின் மரபுவழிப் பங்கு சுமார் 80 சதவீதம் என்று வந்தது. படித்தவுடன் “80 சதவீதம் தலையெழுத்து” என்றுதான் தோன்றும். அந்த எண் அதைச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட காலத்தில், ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் என்பதைத்தான் அது அளக்கிறது. எல்லா வீடும் ஒரே மாதிரி ஆக ஆக, மிஞ்சுகிற வேறுபாடு மரபணுவுடையதாகவே தெரியும். வீடுகள் எல்லாம் சேர்ந்து கெட்டாலும் அந்தச் சதவீதம் அசையாமல் இருக்கலாம்.

மரபணு ஓங்கி நிற்கும் இடமும் உண்டு. தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்யா என்றொரு தீவு. 1990-களில் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் போய்ப் பார்த்தபோது அங்கே இருந்தவர்கள் 300 பேர்கூட இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஆஸ்துமாவின் அறிகுறி ஓரளவாவது இருந்தது. அத்தனை பேரும் சுமார் 15 முன்னோர்களின் வழிவந்தவர்கள். அந்த முன்னோர்களில் குறைந்தது மூவருக்கு ஆஸ்துமா இருந்ததாகக் கருதப்படுகிறது. சுற்றிலும் கடல், தொழிற்சாலை கிடையாது. இங்கே “யார் வழியில் வந்தது” என்று கேட்டால் சரியான கேள்விதான்.

ஆபத்தான மரபணு என்பது என்ன

குழந்தை ஆஸ்துமாவோடு திரும்பத் திரும்பத் தொடர்புபடும் இடம் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2007-இல் மோஃபட் குழுவினர் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள், ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்ற மரபணு உள்ள பகுதி. அப்புறம் வந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் இதனோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தன. அடுத்த ஆண்டே பிரெஞ்சுக் குடும்பங்களில் செய்த ஆய்வு, இந்த மாறுபாட்டின் பாதிப்பு சின்ன வயதிலேயே தொடங்கும் ஆஸ்துமாவில்தான் என்றது. பச்சிளம் பருவத்தில் வீட்டில் யாராவது புகைபிடித்திருந்தால் அது இன்னும் கூடியது. 2013-இல் இன்னொன்று: சாதாரண சளி தரும் ரைனோவைரஸ் வந்து மூச்சு இரைத்த குழந்தைகளிடம்தான் இந்த மாறுபாடு பிற்கால ஆஸ்துமாவாக மாறுகிறது.

இதுவரை கேட்டால், கெட்ட மரபணுவும் கெட்ட சூழலும் சேர்ந்தால் கேடு என்ற பழைய கணக்குதான். 2016-இல் ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு அந்தக் கணக்கைக் குழப்பியது. மாட்டுக்கொட்டகைக்குப் போய்வருவதால் மூச்சிரைப்பு குறைந்த பலன், இதே “ஆபத்தான” மாறுபாடு உள்ள குழந்தைகளிடம்தான் பளிச்சென்று தெரிந்தது. ஆக, அந்த மரபணுவைச் சூழலுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் மரபணு என்று சொல்வதே பொருத்தம். சிகரெட் புகை வந்தாலும் வளையும், தொழுவக் காற்று வந்தாலும் வளையும்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் 2015-இல் சயன்ஸ் இதழில் இதற்கு இன்னொரு வாசலைக் காட்டினார்கள். பண்ணைத் தூசி, நுரையீரலின் உள்பூச்சுச் செல்களில் ஏ20 என்ற ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. அது அழற்சிக்குத் தடை போடும் புரதம். அதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குத் தூசியின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆமிஷ் குழந்தைகளின் இரத்தத்தில் எந்த மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, அவற்றில் இதே மரபணுவும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு என்ன செய்யக் கூடாது

குழந்தையைக் குப்பையில் புரளவிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அழுக்கு எல்லாம் ஓரினமல்ல. அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 1997-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கரப்பான்பூச்சி ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறையில் கரப்பானின் எச்சமும் அதிகம் இருந்த ஆஸ்துமாக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்த விகிதம் மற்றவர்களைப்போல் 3 மடங்குக்கு மேல். 2004-இல் 7 நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் கரப்பானையும் தூசிப்பூச்சியையும் குறைத்துப் பார்த்தார்கள். இழுப்பு வரும் நாட்கள் குறைந்தன. கரப்பான் எச்சமும் தூசிதான், தொழுவத்திலிருந்து வருவதும் தூசிதான். ஒன்று இழுப்பைக் கூட்டுகிறது, ஒன்று வராமல் தடுக்கிறது.

காலமும் முக்கியம். பாதுகாப்பு கிடைப்பது கருவிலிருந்தும் முதல் சில ஆண்டுகளிலும் பழகும்போது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதே எண்டோடாக்ஸின் இழுப்பைத் தூண்டிவிடும். காய்ச்சாத பாலும் அப்படித்தான். அதில் வரும் கிருமிகள் சின்னக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். இன்ஹேலரை நிறுத்திவிட்டு மாட்டுக்கொட்டகை தேடுவது பைத்தியக்காரத்தனம்.

ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. 60 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை. ஆஸ்துமா இல்லாத 30 பேர் என்பதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கலாம். ஒருமுறை எடுத்த இரத்தம் அந்த மாதத்தைச் சொல்லும், குழந்தை பிறந்த நாளைச் சொல்லாது. தூசியை அளந்தது ஒவ்வொரு பக்கமும் பத்துப் பத்து வீடுகளில்தான். மரபணு நெருங்கியிருந்தது என்றால் ஒன்றேதான் என்று பொருளில்லை. இவ்வளவு இருந்தும் நான் இதை நம்புவதற்குக் காரணம் சுண்டெலிச் சோதனை. அங்கே மரபணு ஒன்று, கூண்டு ஒன்று, மாறியது தூசி மட்டும்.

இன்னொரு காரணம் பின்லாந்திலிருந்து வந்தது. பண்ணைக்கே சம்பந்தமில்லாத சாதாரண வீடுகளின் தூசியை 2019-இல் ஆராய்ந்து பார்த்தபோது, நுண்ணுயிர் அமைப்பு பண்ணை வீட்டை ஒத்திருந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்தது. ஜெர்மனிக் குழந்தைகளிடமும் அதைச் சரிபார்த்தார்கள், பொருந்தியது. எத்தனை நுண்ணுயிர் என்பதைவிட எந்த நுண்ணுயிர்கள் எந்த விகிதத்தில் என்பதே கணக்கில் வந்தது.

ஆமிஷ் தூசியின் ஆராய்ச்சியும் நிற்கவில்லை. எண்டோடாக்ஸின் வெறும் அடையாளமோ, வேலை செய்வது வேறொன்றோ என்ற சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2023-இல் வந்த ஓர் ஆய்வு, தொழுவத் தூசியின் பாதுகாப்பைப் புரதங்களோடு தொடர்புபடுத்தியது. அவற்றில் பல, சிறு மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும் வேலையைச் செய்பவை. மாடும் வைக்கோலும் சேர்ந்து இந்தப் புரதங்களின் முதுகில் எதை ஏற்றி அந்த ஆமிஷ் குழந்தையின் மூக்குவரை அனுப்புகின்றன என்பதைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.